1965 கார்ட்டினாவின் பின்கண்ணாடிக்குச் சூடேற்றும் கோடுகள் வைக்கலாமா? அந்தக் காலத்துக் கார்களில் என்ன இருந்தது?

கார்ட்டினா_65:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1965 ஃபோர்டு கார்ட்டினா மார்க் 1, நான்கு கதவு வண்டி. இன்ஜின், டைனமோ, வயரிங் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. சமீபத்தில் முழு பெயின்ட், புதுக் கூரைத்துணி, தரையிலும் பின்பக்கத்திலும் சத்தத்தைத் தடுக்கும் ஃபெல்ட் என்று ஒரு பட்டறையில் உள்வேலை முழுவதும் செய்தார்கள். வண்டி பார்க்க அழகாக இருக்கிறது.

ஆனால் மழையிலும் குளிரான காலையிலும் பின்கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிந்து மூடிக்கொள்கிறது. முன்கண்ணாடியை ஹீட்டர் பார்த்துக்கொள்கிறது. பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டால் ரியர்வியூ கண்ணாடியில் வெண்மையைத் தவிர எதுவும் தெரிவதில்லை. பின்னால் வரும் வண்டியின் விளக்குகூட ஒரு மங்கலான வட்டமாகத்தான் தெரிகிறது.

இன்றைய கார்களில் இருக்கும் சூடேற்றும் கோடுகள் போட்ட கண்ணாடியையோ, ஒட்டிக்கொள்ளும் கோடுகளையோ வைக்கலாமா? இந்த வண்டியின் காலத்தில் அப்படி ஏதும் இருந்ததா? காலத்துக்குப் பொருந்தாத ஒன்றை வைக்க மனம் வரவில்லை. அதற்காகப் பின்னால் பார்க்காமல் ஓட்டவும் முடியாதே.

வண்டு:

நான் வைத்திருப்பது 1969 ஃபோக்ஸ்வேகன் பீட்டில். அமெரிக்காவுக்குப் போன 1969 மாடல்களில் மின்சாரத்தால் சூடாகும் பின்கண்ணாடி தொழிற்சாலையிலேயே வந்தது. என் வண்டியில் அது இன்றும் வேலை செய்கிறது. ஒட்டும் கோடுகள் கிடைக்கின்றன, ஒட்டி ஒரு ஸ்விட்ச் வைத்தால் முடிந்தது. உங்கள் வண்டிக்கும் எனக்கும் நான்கு வருட வித்தியாசம்தானே, யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆர்மேச்சர்:

தம்பி, ஒட்டுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படியுங்கள். நான் பழைய வண்டிகளின் மின்வேலை மட்டும் செய்கிறவன். பின்கண்ணாடி கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: வண்டியில் டைனமோவா, ஆல்டர்னேட்டரா? இரண்டும் இன்ஜினால் சுழன்று மின்சாரம் தருபவைதான், டைனமோ பழையது. நீங்கள் கேட்ட வரலாறும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

உங்கள் வண்டியில் இருக்கும் லூகாஸ் சி40 வகை டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். அதுவும் நல்ல வேகத்தில் ஓடும்போதுதான். சிக்னலில் நிற்கும்போது டேஷில் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிகிறதே, அப்போது அது எதுவுமே தருவதில்லை, எல்லாம் பேட்டரியிலிருந்து போகிறது. மழை பெய்யும் இரவில் உங்கள் வண்டி என்ன கேட்கும் என்று கூட்டிப் பாருங்கள். டிப்பில் இரண்டு முன்விளக்குக்கு 8 ஆம்பியர். பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, டேஷ் விளக்குக்கு 2. வைப்பருக்கு 3. ஹீட்டர் ப்ளோயருக்கு 4. இக்னிஷனுக்கு 3. மொத்தம் 20. மிச்சம் 2 ஆம்பியர். பிரேக்கை மிதித்தால் அதுவும் போய்விடும்.

சூடேற்றும் பின்கண்ணாடி சாதாரணமாக 10 ஆம்பியர் இழுக்கும், பெரிய கண்ணாடி 20 வரைகூடப் போகும். அதை எங்கிருந்து எடுப்பீர்கள்?

இதனால்தான் கம்பி வைத்த கண்ணாடி செய்யத் தெரிந்த பிறகும் அது எல்லாருடைய காருக்கும் வர அத்தனை வருடம் ஆனது. 1955-ல் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் க்ளவுடிலேயே மின்சாரத்தால் சூடாகும் பின்கண்ணாடி உண்டு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே தலைமுடியளவு மெல்லிய கம்பிகளைப் பதித்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி அது. பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் கம்பியே தெரியும். 60களில் ஜாகுவார் ஈ-டைப்பின் மூடிய கூரை வண்டிக்கும் இதைக் கேட்டு வாங்கலாம். என்னைக் கேட்டால் இன்றைய கோடுகளைவிட அழகான வேலை அதுதான். ஆனால் உள்ளே ஒரு கம்பி அறுந்தால் அறுந்ததுதான், யாராலும் அதைத் தொட முடியாது.

சாதாரணக் கார்களில் என்ன செய்தார்கள்? மூன்று வழி பார்த்தார்கள்.

ஒன்று, காற்று. 50கள், 60களின் அமெரிக்கக் கார்களில் ரியர் டிஃப்ராஸ்டர் என்று கேட்டு வாங்கினால் கிடைத்தது பார்சல் ஷெல்ஃபின் (பின்சீட்டுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் பலகை) கீழே ஒரு சின்ன ப்ளோயர்தான். மேலே ஒரு கிரில் இருக்கும். உள்ளே இருக்கும் காற்றையே உறிஞ்சிக் கண்ணாடி மேல் ஊதும். சூடேற்றும் கம்பி ஏதும் அதில் இல்லை. ஆகவே முன்னால் இருக்கும் ஹீட்டர் உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்கிய பிறகுதான் அது பயன்படும். கிளம்பிய உடனே போட்டால் ஈரக்காற்றைக் கிளறிவிடும், அவ்வளவே. அப்படியிருந்தும் 70களிலும் அமெரிக்க வண்டிகளில் அது தொடர்ந்து வந்தது. கண்ணாடியை மாற்ற வேண்டாம், மின்சாரம் கொஞ்சம் போதும் என்பதுதான் காரணம்.

இரண்டு, கண்ணாடியின் அமைப்பையே மாற்றுவது. 1957 மெர்க்குரி டர்ன்பைக் க்ரூஸரில் பின்கண்ணாடி மோட்டாரால் கீழே இறங்கும். 1963-லிருந்து சில வருடம் மெர்க்குரி ப்ரீஸ்வே கார்களிலும் அது இருந்தது. கொஞ்சம் இறக்கிவிட்டால் உள்ளே இருக்கும் ஈரக்காற்று அப்படியே பின்னால் வெளியேறிவிடும். கண்ணாடியே உள்பக்கம் சாய்ந்து நிற்பதால் மழை உள்ளே வராது. இங்கிலாந்தில் 1959 ஃபோர்டு ஆங்லியா 105ஈ, பிரான்சில் 1961 சிட்ரோயன் அமி 6, இரண்டிலும் அதே உட்சாய்வு உண்டு. ஆனால் இறங்காத கண்ணாடி. வெளியே மழைத்துளி நிற்காது என்பதோடு அதன் பலன் முடிந்தது, உள்ளே படியும் ஆவிக்கு அது எதுவும் செய்யாது.

மூன்று, ஒட்டுவது. கண்ணாடியின் உட்பக்கம் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தகட்டை விளிம்பு மட்டும் பதிய ஒட்டிவிடுவார்கள். நடுவே சிக்கிய காற்று வெளிக்குளிரைத் தடுக்கும், தகட்டின் உட்பரப்பு அவ்வளவு குளிராது, ஆவியும் படியாது. மின்சாரமே தேவையில்லாத நல்ல யோசனை. உங்கள் வண்டியின் காலத்துக்கும் நேர்மையாகப் பொருந்தும்.

பிறகு ஆல்டர்னேட்டர் வந்தது. 1960-ல் க்ரைஸ்லர் தன் வேலியன்டில் வைத்தது, ஜெனரல் மோட்டார்ஸ் 1963 வாக்கில் மாறியது. இங்கிலாந்தில் 60களின் கடைசியில்தான் அது பரவலானது. லூகாஸ் 16ஏசிஆர் 34 ஆம்பியர் தரும், ஐட்லிங்கிலும் சார்ஜ் செய்யும். உங்கள் டைனமோவைவிட 12 ஆம்பியர் கூடுதல். பின்கண்ணாடிக்குத் தேவையான அளவு அப்போதுதான் கையில் மிஞ்சியது. 60களின் முடிவிலும் 70களிலும் சூடேற்றும் பின்கண்ணாடி சாதாரணக் கார்களுக்கு இறங்கி வந்ததற்கு முதல் காரணமாக நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது காரணம் அச்சு. வெள்ளித்தூளும் கண்ணாடித்தூளும் கலந்த பசையைக் கண்ணாடியில் திரை அச்சு முறையில் கோடுகளாக அச்சிடுவார்கள். கண்ணாடியை வளைத்துப் பதப்படுத்த 600 டிகிரிக்கு மேல் எப்படியும் சூடாக்கத்தானே வேண்டும், அதே சூட்டில் கோடுகளும் வெந்து கண்ணாடியோடு ஒட்டிவிடும். தனி உலை வேண்டாம், லேமினேட் செய்யவும் வேண்டாம். அதற்குப் பிறகு கம்பி பதித்த முறை பின்கண்ணாடியில் ஏறக்குறைய மறைந்துபோனது.

சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அமெரிக்காவில் 1968-லிருந்து நடப்புக்கு வந்த விதி முன்கண்ணாடியின் டிஃப்ராஸ்டரைத்தான் கேட்டது. பின்கண்ணாடி விருப்பப்பட்டால் வாங்குவதாகவே நெடுநாள் இருந்தது. எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு. பின்னால் பார்க்க முடியாத ஓட்டுநர் பாதி ஓட்டுநர்தான்.

வண்டு சொன்ன நான்கு வருடம் சின்ன இடைவெளி இல்லை. பீட்டிலே 1967 மாடலில்தான் 6 வோல்ட்டிலிருந்து 12-க்கு வந்தது. 6 வோல்ட்டில் அதே 120 வாட் சூடு வேண்டுமானால் 20 ஆம்பியர் போக வேண்டும், நினைத்துப் பாருங்கள்.

கார்ட்டினா_65:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. மழை இரவுக் கணக்கைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம். 10 ஆம்பியரை ஐந்து நிமிடம் மட்டும் போட்டு அணைத்தால் பேட்டரி தாங்காதா? ஆவியைப் போக்க எவ்வளவு நேரம்தான் ஆகிவிடும்?

ஆர்மேச்சர்:

நல்ல கேள்வி, எல்லாரும் தப்பாக நினைக்கும் இடம் இது. கணக்குப் போடுவோம்.

கண்ணாடி அரைச் சதுர மீட்டர், 4 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால் எடை 5 கிலோ. அதை 10 டிகிரி சூடாக்க 42 கிலோஜூல் வேண்டும். அதன் மேல் படிந்த ஆவி மொத்தம் 10 கிராம் என்று வைத்தால் அதைப் போக்க 25 கிலோஜூல் போதும். ஆக, ஆவிக்குப் போவதைவிடக் கண்ணாடிக்கே அதிகம் போகிறது. 120 வாட்டில் இரண்டும் சேர்ந்து 9 நிமிடத்துக்கு மேல் ஆகும், வெளியே காற்றுக்குப் போகும் சூட்டைக் கணக்கில் எடுக்காமலே. நடைமுறையில் கோட்டை ஒட்டிய பட்டைகள் முதலில் தெளியும், இடைவெளிகள் பிறகு. அதனால் பாதி நேரத்திலேயே பின்னால் பார்க்க முடிகிறது. இன்றைய வண்டிகளில் பத்து நிமிட வாக்கில் தானாக அணைந்துவிடும் டைமர் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம்.

வெளியே உறைபனி என்றால் கதையே வேறு. அரை மில்லிமீட்டர் பனிக்கட்டி அரைச் சதுர மீட்டரில் கால் கிலோ. உருக்க மட்டும் 83 கிலோஜூல். அதோடு கண்ணாடியையும் பூஜ்ஜியத்துக்குக் கீழிருந்து மேலே கொண்டுவர வேண்டும். பாதிச் சூடு வெளியே போய்விடும் என்று பார்த்தால் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். அதற்குக் கையில் சுரண்டி எடுப்பதே மேல்.

பேட்டரிக்கு வருகிறேன். பத்து நிமிடத்துக்கு 10 ஆம்பியர் என்றால் 1.7 ஆம்பியர்-மணி. ஒரு தடவைக்குப் பேட்டரி தாங்கும். ஆனால் மழை இரவில் மிஞ்சும் 2 ஆம்பியரில் அதைத் திரும்ப நிரப்ப ஒரு மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்ட வேண்டும். பின்சீட்டில் ஆட்கள் இருந்தால் அதற்குள் கண்ணாடி மறுபடி மூடும், நீங்கள் மறுபடி போடுவீர்கள். குளிர்காலம் முழுவதும் பேட்டரி அரைவயிற்றோடு கிடந்து சாகும்.

ஃபோர்டு 1974-ல் தண்டர்பேர்டுக்கும் கான்டினென்டல் மார்க் 4-க்கும் தங்கப் படலம் பூசிய சூடேறும் முன்கண்ணாடி கொடுத்தது. அதற்கென்றே உயர் வோல்ட்டில் ஓடும் தனி ஆல்டர்னேட்டர் ஒன்றை இன்ஜினில் மாட்ட வேண்டியிருந்தது. அத்தனை பெரிய கம்பெனிக்கே முதலில் மின்சாரம் தேட வேண்டிய வேலை.

பீடிங் ரப்பர்:

நான் கண்ணாடி மாற்றும் வேலை செய்கிறவன். ஆர்மேச்சர் அண்ணன் மின்சாரத்தைச் சொல்லிவிட்டார், நான் ஈரத்தைச் சொல்கிறேன். ஆவி எங்கிருந்தோ வர வேண்டும், எங்கேயாவது போகவும் வேண்டும்.

கார்ட்டினாவுக்கு 1964 அக்டோபரில் ஏரோஃப்ளோ என்ற காற்றோட்ட ஏற்பாடு வந்தது. டேஷின் இரண்டு ஓரத்திலும் உருளும் காற்று வாய்கள், கூரையைத் தாங்கும் பின் தூண்களில் காற்றை வெளியேற்றும் கிரில்கள். உங்கள் 1965 வண்டியில் அது இருக்க வேண்டும். முன்னால் வெளிக்காற்று நுழைந்து பின்னால் வெளியேறும், ஜன்னலைத் திறக்கவே வேண்டாம். பிறகு உலகம் முழுக்க எல்லாரும் பின்பற்றிய ஏற்பாடு அது. பின்கண்ணாடியின் பக்கத்திலேயே ஈரக்காற்று வெளியேறும்படி வைத்திருக்கிறார்கள், உங்கள் பிரச்சினைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

சமீபத்தில் உள்வேலை முழுவதும் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். புதுக் கூரைத்துணி, பின்பக்கம் ஃபெல்ட். அந்த கிரில்களுக்கு உள்ளே இருந்து போகும் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? வெளியே கிரில் பளபளவென்று இருக்கும், உள்ளே ஃபெல்ட் அடைத்திருக்கும். பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, தரைக் கார்ப்பெட்டைத் தூக்கி ஃபெல்ட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். டிக்கியில் ஸ்பேர் வீல் குழியையும் பாருங்கள். பின்கண்ணாடியின் ரப்பர் பெயின்டுக்குக் கழற்றி மாட்டியது என்றால் கீழ் மூலைகளில் கசிவு சகஜம். ஃபெல்ட் ஒரு முறை நனைந்தால் மூடிய வண்டிக்குள் மாதக்கணக்கில் காயாது. அந்தத் தண்ணீர்தான் தினமும் காலையில் உங்கள் கண்ணாடியில் நிற்கிறது.

கண்ணாடியை மாற்றுவதானால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பதப்படுத்திய கண்ணாடியை வெட்டவோ துளைக்கவோ முடியாது. வேறு வண்டியின் கோடு போட்ட கண்ணாடியை அளவுக்கு வெட்டி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கையில் வெறும் துகள்தான் மிஞ்சும்.

வண்டு:

நான் கொஞ்சம் அவசரப்பட்டுச் சொன்னேன் போலிருக்கிறது, ஆர்மேச்சர் சொன்ன கணக்கு சரிதான். எனக்கும் ஒரு கேள்வி. என் கண்ணாடியில் ஒரு கோட்டுக்கு மேலும் கீழும் மட்டும் ஆவி நிற்கிறது, மற்றவை தெளிகின்றன. முழுக் கண்ணாடியும் மாற்ற வேண்டுமா?

ஆர்மேச்சர்:

வேண்டவே வேண்டாம். எல்லாக் கோடுகளும் இரண்டு ஓரப் பட்டைகளுக்கு நடுவே தனித்தனியாக இணைந்திருக்கின்றன. ஒன்று அறுந்தால் அது மட்டும்தான் போகும். உங்களுடையது கண்ணாடியின் உட்பரப்பில் ஓடும் கோடா என்று முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் சரிசெய்யலாம்.

ஸ்விட்சைப் போட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு வயரை எர்த்தில், அதாவது வண்டியின் உலோக உடலில், வையுங்கள். சிவப்பு முனையைச் சமையல் ஃபாயில் துண்டால் சுற்றிக்கொள்ளுங்கள், ஊசிமுனை கோட்டைக் கீறிவிடும். நல்ல கோட்டில் மின்சாரம் நுழையும் ஓரத்தில் 12, நடுவில் 6, மறு ஓரத்தில் பூஜ்ஜியம் என்று சீராக இறங்கும். அறுந்த கோட்டில் 12 அப்படியே நீண்டுவந்து ஓரிடத்தில் சட்டென்று பூஜ்ஜியம் ஆகும். அந்த இடம்தான். கோட்டின் மேலும் கீழும் டேப் ஒட்டி, ஆல்கஹாலால் துடைத்து, இடைவெளியில் வெள்ளி கலந்த கடத்தும் பெயின்டை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தரம் வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஸ்விட்ச்.

ஓம் மீட்டரில் முழுக் கண்ணாடியையும் அளக்காதீர்கள். மொத்தமே ஒரு ஓம் சொச்சம்தான் வரும், மீட்டர் வயரின் தடையே அதில் கணிசமான பங்கு. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பாருங்கள்.

பழைய சன் ஃபிலிம் உட்பக்கம் ஒட்டியிருந்தால் பிளேடால் சுரண்டாதீர்கள். ஃபிலிமோடு கோடும் உரிந்து வந்துவிடும். இந்தக் கண்ணாடிகள் சாவதில் பாதி அப்படித்தான். துடைக்கும்போதும் கோடு ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும்.

கார்ட்டினா_65:

பீடிங் ரப்பர் அண்ணன் சொன்னபடி பின் தூணின் உள்ளுறையைக் கழற்றினேன். இரண்டு பக்கமும் வெளியேறும் வழியை ஃபெல்ட் முழுவதுமாக மூடியிருந்தது. வெட்டி எடுத்துவிட்டேன். இடது மூலையில் ரப்பருக்குக் கீழே ஈரமும் இருந்தது, அந்தப் பக்கத் தரை ஃபெல்ட் பிழிந்தால் தண்ணீர் வந்தது. அதை எடுத்துக் காயப் போட்டிருக்கிறேன். நேற்று மழையில் பின்சீட்டில் இருவரோடு ஓட்டினேன். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை ஆவி, மற்றதெல்லாம் தெளிவு.

அந்தக் கீழ்ப் பட்டைக்கு என்ன செய்யலாம் அண்ணா? பார்சல் ஷெல்ஃபில் ஒரு ப்ளோயர் வைக்கலாம் என்று தோன்றுகிறது. இல்லை, பிற்காலத்தில் ஆல்டர்னேட்டருக்கு மாறினால் கோடுகள் ஒட்டலாமா?

ஆர்மேச்சர்:

ப்ளோயர் சரியான முடிவு. ரப்பர் கசிவு நின்று ஃபெல்ட் முழுக்கக் காய்ந்த பிறகு பாருங்கள், ஒருவேளை அதுவும் தேவைப்படாமல் போகலாம். வைப்பதானால் இரண்டு வேகம் உள்ளதாக, குறைந்த வேகத்தில் 2 ஆம்பியருக்குள் நிற்பதாகப் பாருங்கள். காற்று கண்ணாடியின் அடிவிளிம்பிலிருந்து மேல்நோக்கி உரசிப் போக வேண்டும். நேராகக் கண்ணாடியில் மோதினால் நடுவில் ஒரு வட்டம்தான் தெளியும். ஹீட்டர் சூடான பிறகே போடுங்கள்.

ஆல்டர்னேட்டருக்கு மாறினால் கோடுகள் ஒட்டலாம். டைனமோவின் உருவத்திலேயே வரும் ஆல்டர்னேட்டர்களும் உண்டு, பானெட்டைத் திறந்தாலும் வித்தியாசம் தெரியாது. அப்படிச் செய்யும்போது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுங்கள். 1 சதுர மில்லிமீட்டரில் இழுத்தால் 4 மீட்டர் நீளத்திலேயே 10 ஆம்பியருக்கு 0.7 வோல்ட் போய்விடும், சூட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும். 15 ஆம்பியர் ஃப்யூஸ், இக்னிஷன் போட்டால் மட்டும் இணையும் ரிலே, கூடவே எரியும் ஒரு சின்ன எச்சரிக்கை விளக்கு. எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் முடுக்க வேண்டும், புதுப் பெயின்ட் என்பதால் இதை மறந்துவிடாதீர்கள்.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். உங்களுடையது எது என்று பேட்டரியில் பார்த்துக்கொள்ளுங்கள். சூடேற்றும் கோட்டுக்கு எந்தப் பக்கம் பாய்ந்தாலும் ஒன்றுதான். ஆல்டர்னேட்டருக்கும் எலக்ட்ரானிக் டைமர் ரிலேக்கும் அப்படி இல்லை, தலைகீழாகக் கொடுத்தால் உடனே எரிந்துவிடும். மாற்றும் நாளில் பேட்டரி முனைகளை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், வயரிங்கை நான் பார்த்துச் சொல்கிறேன்.